ஜிங்க்லி நோனாவுக்கு எதற்கு லிஸ்பன் சான்றிதழ்?

சிங்கப்பூர் மேடைகளில், ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சத்தவரான 'யுரேஷியர்களின் பாரம்பரிய இசை' என்று அறிவித்துவிட்டு நிகழ்த்தப்படுவது ஒரே சரக்கு அல்ல. அதில் இரண்டு வகை உண்டு. முதலாவது, போர்ச்சுகல் நாட்டுக் கிராமத்தவர்போல உடுத்தி ஆடும் வட்ட நடனம். பெண்களுக்குக் கோடு போட்ட பாவாடை, இடுப்பில் முன்துணி, தலையில் ஒரு துண்டு. ஆண்களுக்குக் கறுப்பு வெயிஸ்ட்கோட், சிவப்புக் கச்சை. பின்னால் அக்கார்டியன் ஒலிக்கும், பெரும்பாலும் ஒலிப்பதிவிலிருந்து. இரண்டாவது 'ஜிங்க்லி நோனா' என்ற பாட்டு. ஒரு வயலின், ஒரு கிட்டார், ஒன்றிரண்டு ரெபானா முழவு, எதிரெதிரே நின்று பாட ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தால் போதும். ஆட்டமும் பாட்டும் சேர்ந்த இந்த வகைக்கு மலாக்காவில் 'பிராஞோ' என்று பெயர்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்து 'ஐந்நூறு ஆண்டு போர்ச்சுகீசிய மரபு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஐந்நூறில் எதற்கு எவ்வளவு பங்கு, இன்றைய மேடையில் எது இசையாக நிற்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் தமிழனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். லிட்டில் இந்தியாவின் டெஸ்கர் ரோடு ஒரு யுரேஷிய இறைச்சி வணிகரின் பெயரைத் தாங்கியது. பக்கத்திலேயே எருமையின் பெயர் தாங்கிய பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு. மாட்டு வணிகம் தமிழரையும் யுரேஷியரையும் ஒரே வட்டாரத்தில் வைத்திருந்த காலம் அது. அங்கிருந்து விக்டோரியா ஸ்திரீட்டுக்கு நடந்தே போய்விடலாம். போர்ச்சுகீசிய மிஷன் நிறுவிய புனித சூசையப்பர் தேவாலயம் அங்கே இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1912இல் முடிந்தது. 1981 வரை அது மக்காவ் ஆயரின் பொறுப்பில் இருந்தது. அண்டை வீட்டு இசை இது. அண்டை வீட்டுக்காரன் மரியாதைக்காகக் கைதட்டிவிட்டுப் போகக் கூடாது. கேட்டுப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

முதலில் காலக் கணக்கு. போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தது 1511. டச்சுக்காரர்கள் அதைப் பறித்தது 1641. ஆக, போர்ச்சுகீசியர் ஆண்டது 130 ஆண்டு. அதன்பின் மூன்று நூற்றாண்டுகளுக்கு மலாக்காவில் கிறிஸ்தாங் என்ற போர்ச்சுகீசியக் கலப்புமொழி (கிரியோல்) பேசும் மக்களுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே பாதிரியார்களைத் தவிர வேறு பாலம் இருந்ததாகச் சொல்ல முடியாது. 1819க்குப் பிறகு அவர்களில் ஒரு பகுதியினர் குமாஸ்தா வேலை தேடிச் சிங்கப்பூர் வந்தார்கள். அரசரும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, அச்சுப் புத்தகமும் இல்லை என்ற நிலையில் மூன்று நூற்றாண்டு தாக்குப்பிடித்தது எது? கல்யாண வீட்டில் தேவைப்பட்டது, திருவிழாவில் தேவைப்பட்டது, குடித்துவிட்டு உட்கார்ந்த இரவில் தேவைப்பட்டது. பிராஞோ அந்த வகை.

வட்ட நடனம் அப்படி வந்ததல்ல. இசை ஆய்வாளர் மார்கரெட் சார்க்கிசியன் மலாக்காவின் போர்ச்சுகீசியக் குடியிருப்பில் நெடுநாள் களப்பணி செய்து 2000இல் வெளியிட்ட நூல் 'டி அல்புகெர்க்'ஸ் சில்ட்ரன்'. அவர் தோண்டி எடுத்த செய்தி பலருக்கும் சங்கடமானது. 1952இல் போர்ச்சுகலின் கடல்கடந்த பகுதிகளுக்கான அமைச்சர் சர்மெந்தோ ரொட்ரிகேஸ் மலாக்காவுக்கு வந்தார். அவரை வரவேற்க 'போர்ச்சுகீசியத் தன்மையுள்ள' எதையாவது காட்ட வேண்டும். அதற்கு நான்கு ஆண்டு முன்பு வந்திருந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் மனுவேல் பின்டாடோவின் ஊக்கத்தில், ஊரின் வசதியான யுரேஷியக் குடும்பத்தினர் லூசில் ஆம்ஸ்ட்ராங் என்ற ஆங்கில எழுத்தாளர் 1948இல் வெளியிட்ட 'டான்சஸ் ஆஃப் போர்ச்சுகல்' என்ற சிறு நூலைப் பார்த்து நடனம் பழகினார்கள். கடற்கரைக் குடியிருப்பில் மீன்பிடித்து வாழ்ந்தவர்களுக்கு அதில் பங்கில்லை. 1960களின் பிற்பகுதியில்தான் அந்த நடனம் அவர்களிடம் இறங்கியது. இன்று சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும் சதுக்கத்தில் 'மூதாதையர் நடனம்' என்று ஆடப்படுவது ஒரு புத்தகத்தின் படங்களிலிருந்து புறப்பட்டது.

கதை அங்கேயும் நிற்கவில்லை. அந்தப் புத்தகத்தில் இருந்த போர்ச்சுகலே ஓரளவு மேக்கப் போட்ட போர்ச்சுகல்தான். சலாசாரின் சர்வாதிகார அரசு 1933இல் பிரசாரத்துக்கென ஒரு செயலகம் திறந்து அந்தோனியோ ஃபெரோவை அதன் தலைவராக வைத்தது. 1938இல் 'போர்ச்சுகலிலேயே அதிகப் போர்ச்சுகீசியத் தன்மையுள்ள கிராமம்' எது என்று போட்டி வைத்தார்கள். 1940இல் நாட்டுப்புற ஆட்டங்களை மெருகேற்றி 'வெர்தி காயோ' என்ற பாலே குழுவை உருவாக்கினார்கள். வறுமையில் கிடந்த கிராமத்துக்குச் சலவை செய்த பாவாடை கட்டி மேடையேற்றிய காலம். 1951இல் காலனிகளுக்கு 'கடல்கடந்த மாகாணங்கள்' என்று பெயர் மாற்றி, எங்கள் ஆட்சி அன்பால் கலந்த ஆட்சி என்று உலகுக்குச் சொல்ல லிஸ்பன் முயன்றுகொண்டிருந்தது. கோவாவைக் கேட்டு இந்தியா நெருக்கிக்கொண்டிருந்த நேரமும் அதுவே. மலாக்காவில் அமைச்சருக்குக் காட்டப்பட்ட நடனம் அந்த அரசியலுக்கு வாகாக அமைந்தது. ஆடியவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இதை வைத்துக்கொண்டு 'போலி' என்று முத்திரை குத்தும் அவசரம் எனக்கு இல்லை. குறிப்பாகத் தமிழர்களுக்கு அந்த உரிமை குறைவு. பரதநாட்டியம் என்ற பெயரில் இன்று நாம் பிள்ளைகளை அனுப்பும் கலை எப்படி உருவானது? 1930களில் சென்னையில் ஈ. கிருஷ்ண ஐயரும் ருக்மிணி தேவியும் மற்றவர்களும் சதிரை எடுத்து, அதை ஆடிவந்த பெண்களைத் தள்ளிவைத்து, உடையை மாற்றி, மேடையை மாற்றி அமைத்தது அது. கலாக்ஷேத்திரா தொடங்கியது 1936. கே.பி. பாஸ்கர் சிங்கப்பூரில் தன் நடனப் பள்ளியைத் தொடங்கியது 1952. மலாக்காவில் பாவாடை தைத்த அதே ஆண்டு. தற்செயல்தான், ஆனால் காலத்தின் போக்கு அதில் தெரிகிறது. விடுதலையை எதிர்பார்த்திருந்த மலாயாவில் ஒவ்வொரு சமூகமும் 'எங்கள் கலை இது' என்று நீட்ட ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. 1959 ஆகஸ்டில் தாவரவியல் தோட்டத்தில் 'அனெக்கா ராகம் ராயாட்' கலைநிகழ்ச்சிகள் தொடங்கியபின் சிங்கப்பூரில் அந்தத் தேடலுக்கு அரசு மேடையும் கிடைத்தது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு பெட்டிகளில் யுரேஷியர் 'மற்றவர்'. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத சமூகம், கண்ணில் படுவதற்குப் பளிச்சென்ற உடை கட்டியதைக் குற்றமாகச் சொல்வது நியாயமில்லை. டச்சுக் குடும்பப் பெயர் உள்ளவரும் ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர் உள்ளவரும் அந்தப் போர்ச்சுகீசியக் கச்சையைக் கட்டிக்கொள்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, அதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆகவே பிறப்புச் சான்றிதழை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. 1952இல் பிறந்த மரபும் மரபாகலாம். மூன்று தலைமுறை ஆடியிருக்கிறது. காதுக்கும் காலுக்கும் அது இப்போது என்ன தருகிறது என்பதே கேள்வி.

அங்கேதான் வட்ட நடனம் சறுக்குகிறது. போர்ச்சுகலில் 'ராஞ்சோ' எனப்படும் நாட்டுப்புறக் குழு தன் வட்டாரத்து ஆட்டத்தை ஆடும் குழு. வடக்கே மின்யோவின் 'வீரா'வுக்குச் சுழற்சி வேறு. தெற்கே அல்கார்வில் கால் வேகம் வேறு. மலாக்கா வழியாக வந்த தொகுப்பில் வடக்கின் 'மல்யாவோ'வும் தெற்கின் 'தியா அனிக்கா'வும் ஒரே உடையில், ஒரே சிரிப்போடு, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தஞ்சாவூர் கரகமும் கொங்கு ஒயிலாட்டமும் தெரியாத ஒருவர் படத்தைப் பார்த்துத் 'தமிழ் நடனம்' ஒன்று தயாரித்தால் எப்படி இருக்குமோ அப்படி. வட்டாரப் பேச்சு போய்விட்டது. பாடநூல் நடை மிஞ்சியிருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, மேடையில் இசைக்கலைஞர் இல்லாமல்போவது. ஒலிப்பதிவுக்கு ஆடும்போது ஆடுபவருக்காகத் தாளம் காத்திருக்காது, கூட்டம் சூடேறினால் வேகம் கூடாது. எண்ணி எடுத்துவைத்த காலடி ஒழுங்காக இருக்கும். உடற்பயிற்சிக்கு அது போதும்.

ஒப்பிட நம் வீட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாசித்த மெட்டுகளை முத்துசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் கேட்டார். அந்த மெட்டுகளில் சம்ஸ்கிருத சாகித்தியம் போட்டவை இன்று 'நோட்டுஸ்வரம்' எனப்படுகின்றன. பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டிலும் அவருடைய உருப்படி ஒன்று இருக்கிறது. அவர் தம்பி பாலுசுவாமி ஐரோப்பிய வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அண்ணனோ தம்பியோ சிவப்புக் கோட்டுச் சிப்பாய் வேடம் போட்டுக்கொள்ளவில்லை. அந்நிய மெட்டைத் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மலாக்காவின் மீனவர்கள் பிராஞோவில் செய்ததும் இதேதான். 1952இன் மேட்டுக்குடி செய்தது இதற்கு நேர் எதிரானது.

பிராஞோவைக் கொஞ்சம் கிட்டப் போய்க் கேட்கலாம். அதன் தாளம் ஆறு அட்சரத்தில் ஓடுகிறது. அந்த ஆறை 'தகிட தகிட' என்று இரண்டாகவும் பிரிக்கலாம், 'தக தக தக' என்று மூன்றாகவும் பிரிக்கலாம். பிராஞோவிலும் அதன் மலாய் உறவான ஜோகெட்டிலும் இரண்டு பிரிவும் ஒரே சமயத்தில் நடக்கும். ரெபானா ஒரு பக்கம் இழுக்க, வயலின் மறு பக்கம் இழுக்கும். கேட்பவரின் கால் எதோடு போவது என்று ஒரு கணம் தடுமாறும். ஆட்டத்தின் ருசியே அந்தத் தடுமாற்றத்தில் இருக்கிறது. தெற்கு ஸ்பெயினின் ஃபிளமெங்கோவில் மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு என்று பன்னிரண்டைப் பிரிக்கும் கணக்கும் இதே குணமுள்ளது. மத்தியதரைக் கடலோரத்திலும் ஐபீரியாவிலும் ஆப்பிரிக்கக் கரையிலும் பரவிக் கிடக்கும் இந்த இரட்டைத் தன்மை மலாக்கா வரை வந்து, மலாய் முழவில் ஏறியிருக்கிறது. பிராஞோவிலிருந்து ஜோகெட் பிறந்ததா, ஜோகெட்டிலிருந்து பிராஞோ பிறந்ததா என்று ஒற்றை அம்புக்குறி போடுபவர்களை நான் நம்புவதில்லை. இரண்டு வீட்டாரும் ஒரே கல்யாணத்தில் வாசித்தவர்கள்.

பாட்டுப் பகுதி இன்னும் சுவையானது. 'மாத்தா கன்திகா' என்று ஒரு வழக்கம். ஆண் ஒரு நாலடி பாடுவான். பெண் அதை மடக்கி நாலடி பாடுவாள். யார் சொல் தீர்கிறதோ அவருக்குத் தோல்வி. நம் ஊர் எசப்பாட்டைக் கேட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மலாய் பக்கத்தில் இதற்கு உறவு, பந்துன் செய்யுளில் மாறி மாறிப் பாடும் 'டொண்டாங் சாயாங்'. அது 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் மலேசியாவின் பெயரில் ஏறியது. போர்ச்சுகலிலும் 'தெஸ்கராதா' என்ற வாதுப்பாட்டு இன்றும் நடக்கிறது. ஆக, உண்மையான ஐரோப்பிய நாட்டுப்புறச் சரடு எங்கே என்று தேடினால் அது பாவாடையில் இல்லை. எதிராளியின் கடைசி வார்த்தையைப் பிடித்துத் திருப்பியடிக்கும் அந்த விளையாட்டில் இருக்கிறது.

இதே சரடின் மறுமுனை மொழியால் நமக்கு மிக அருகில், இலங்கையின் மட்டக்களப்பில். அங்குள்ள போர்ச்சுகீசியப் பறங்கியர் அன்றாடம் பேசுவது தமிழ். வீட்டுக்குள் முதியவர்களிடம் இன்னும் போர்ச்சுகீசியக் கிரியோல் இருக்கிறது. தச்சு, கொல்லு, தையல் என்று கைத்தொழில் செய்து வந்தவர்கள். 2004 சுனாமி அவர்கள் செறிந்திருந்த டச் பார் பகுதியைத் துடைத்துப் போட்டது. அவர்களின் கல்யாணங்களில் வயலினோடு 'காஃப்ரிஞா' ஆடுவார்கள். அதுவும் ஆறு அட்சரம்தான். 19ஆம் நூற்றாண்டில் ஹியூ நெவில் என்ற ஆங்கில அதிகாரி அந்தப் பாட்டுகளைத் திரட்டி வைத்த கையெழுத்துப் படி லண்டனில் இருக்கிறது. கென்னத் டேவிட் ஜாக்சன் அதை ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். அந்தப் பாட்டுகளில் ஒன்று ஜிங்க்லி நோனாவின் நெருங்கிய உறவு. அண்மையில் லிஸ்பனின் ஹியூகோ கார்டோசோவும் மகேஷ் ராதாகிருஷ்ணனும் அடங்கிய ஆய்வுக் குழு அங்கே மொழியையும் இசையையும் பதிவு செய்தது. காஃப்ரிஞாவை 1940களில் இலங்கைப் பாடகர் வாலி பாஸ்டியன் சிங்களப் பாட்டாக்க, அது பைலா ஆனது. பைலாவைத் தமிழுக்குக் கொண்டுவந்த ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'க்கு ஆடாத தமிழ்க் கல்யாணம் 1970களில் ஏது? காஃப்ரிஞா என்ற அந்தப் பெயரே சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடம் 'கபரிஞோ'வாகவும், ஜகார்த்தாவின் வடபகுதியில் உள்ள டூகு கிராமத்தில் 'கஃப்ரிஞோ'வாகவும் உயிரோடிருக்கிறது. மட்டக்களப்பு, மலாக்கா, சுமத்ராவின் பாடாங், டூகு: இந்த இசைக்குக் கடல்தான் ஊர். இதை லிஸ்பனின் கிளை அலுவலகமாகக் காட்டுவது அதைச் சிறுமைப்படுத்துவது.

சிங்கப்பூருக்கு இதில் தனிப் பங்கு உண்டு. ஜாலான் புசாரில் 1923இல் திறந்த நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் ரோங்கெங் மேடை இருந்தது. பின்னாளில் ஜோகெட் மேடை. சீட்டு வாங்கிக்கொண்டு மேடையேறினால் அங்குள்ள பெண்ணோடு ஒரு பாட்டுக்கு ஆடலாம். வயலின், முழவு, பாட்டு. எல்லா இனத்தவரும் போன இடம். பூங்கா போய்விட்டது, அதன் பழைய வாயில் சிட்டி ஸ்குவேர் மாலுக்கு அருகில் காட்சிக்கு நிற்கிறது. முஸ்தபா கடைக்குப் போகிறவர்களில் பலர் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். 'பாரம்பரியம்' என்ற சொல் இல்லாமலேயே இந்தத் தாளம் பிழைத்த இடம் அது. சீட்டு விற்றால் குழுவுக்குக் கூலி, விற்காவிட்டால் இல்லை. அந்த நெருக்கடி இசையைக் கூர்மையாக வைத்திருந்தது. அதற்குப் பதிலாக மானியம் வந்தபோது கூர்மை கொஞ்சம் மழுங்கியது என்றே நினைக்கிறேன்.

இவ்வளவு சொன்னபின் பிராஞோவின் பக்கமும் பழுது உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று சிங்கப்பூரில் அது நடைமுறையில் ஒற்றைப் பாட்டாகச் சுருங்கிவிட்டது. ஜிங்க்லி நோனாவை நிகழ்ச்சியின் கடைசியில் வைப்பார்கள், மனப்பாடமான அதே சில கண்ணிகள், எல்லோரையும் மேடைக்குக் கூப்பிடுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். வாதுப்பாட்டில் இரு பக்கமும் முன்பே எழுதிவைத்த வரியைப் பாடினால் அது வாதா? எசப்பாட்டுக்காரி தாளைப் பார்த்துப் படித்தால் ஊர் எழுந்து போய்விடும். வட்ட நடனத்தைப் புத்தக நடனம் என்று சொல்லும் அதே வாயால் இதையும் சொல்லியாக வேண்டும்: கண்ணி கட்டத் தெரியாதவர் பாடும் ஜிங்க்லி நோனாவும் அருங்காட்சியகப் பொருள்தான்.

காரணம் மொழி என்று சொல்வார்கள். சரளமாகக் கிறிஸ்தாங் பேசுவோர் சிங்கப்பூரில் நூறு பேருக்கும் குறைவு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 2016இல் கெவின் மார்ட்டன்ஸ் வோங் தொடங்கிய 'கொத்ரா கிறிஸ்தாங்' இயக்கம் மொழி வகுப்பெடுக்கிறது. 2017இல் மொழி விழாவும் நடத்தினார்கள். மொழி வந்தால் கண்ணி வரும், கண்ணி வந்தால் இசை வரும் என்பது கேட்க நன்றாயிருக்கிறது. டூகு இதை மறுக்கிறது. 1661 முதல் அங்கே குடியிருந்த போர்ச்சுகீசியக் கிரியோல் மக்களின் கடைசிப் பேச்சாளர் இறந்தது 1978. மொழி போய் அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அவர்களின் இசைக்குழு மட்டும் நிற்கிறது. காரணம், அந்தக் குடும்பங்கள் கருவியை விடவில்லை. உகுலேலேயின் உறவான சிறு நரம்புக் கருவிகளைப் பிள்ளைகள் பெரியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கற்கிறார்கள். சொல் புரியாமல் பாடினாலும் தாளத்தின் இழுபறி கெடவில்லை. சிங்கப்பூர் இதைத் தலைகீழாகச் செய்கிறது: மொழிக்கு வகுப்பு இருக்கிறது, நடனத்துக்கு உடை இருக்கிறது, பிராஞோ வயலினுக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. மேற்கத்திய வயலினைத் தேர்வுக்குப் படித்த பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். தாளைப் பார்க்காமல், ரெபானாவோடு மல்லுக்கட்டி ஓர் இரவு முழுக்க வாசிக்கத் தெரிந்தவர்தான் அரிது.

சிறு குழு என்பதை ஒரு குறையாக நினைக்கும் பழக்கமும் இங்கே உண்டு. தேசிய தின மேடைக்கு ஐம்பது பேர் தேவை. எஸ்பிளனேட் திறந்தவெளிக்கு ஒலிபெருக்கி தேவை. பிராஞோ நான்கைந்து பேரின் இசை. பாடுபவரின் முகம் தெரியும் தூரத்தில் கேட்க வேண்டியது. ஐம்பது பேருக்கு விரித்தால் அதன் வாதும் போகும், தாளத் தடுமாற்றமும் போகும், எஞ்சுவது உடை. பெரிய மேடை வட்ட நடனத்துக்குச் சாதகமாக இருந்ததே அது முன்னுக்கு வந்த காரணங்களில் ஒன்று.

என் தீர்ப்பு இது. வட்ட நடனம் தொடரட்டும். அறிவிப்பில் '1952இல் மலாக்காவில் அமைத்தது' என்று ஒரு வரி சேர்க்கட்டும். அந்த வரி அதைத் தாழ்த்தாது. மூன்று தலைமுறை உழைப்பைக் கௌரவிக்கும். இசை என்ற அளவில் அது இரண்டாம் தரம். நேரடி வாத்தியம் இல்லாவிட்டால் அதற்கும் கீழே. பிராஞோ முதல் தரமான வடிவம். ஆனால் சிங்கப்பூரில் இன்று நடக்கும் நிகழ்த்தல் அந்த வடிவத்தின் தரத்தில் இல்லை. வடிவத்தின் பெருமையைக் காட்டி நிகழ்த்தலின் குறையை மூடக் கூடாது. முதல் செலவு வயலினுக்கும் ரெபானாவுக்கும் ஆள் பயிற்றுவிப்பதில் போக வேண்டும். அடுத்தது கண்ணி கட்டும் பயிற்சிக்கு. கிறிஸ்தாங்கில் முடியாவிட்டால் மலாயிலோ ஆங்கிலத்திலோ தொடங்கினாலும் சரி, வாது வாதாக இருந்தால் போதும். புதிய பாவாடைக்கு இப்போதைக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

தமிழ் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். கேம்பல் லேனில் 2015 முதல் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. விழாக் காலத்தில் அதன் முன்னே தெருவையே அரங்காக்குகிறார்கள். மட்டக்களப்பிலிருந்து ஒரு காஃப்ரிஞா குழுவை அங்கே அழையுங்கள். சிங்கப்பூரின் கிறிஸ்தாங் பாடகர்களையும் கூப்பிடுங்கள். மட்டக்களப்புக்காரர்களோடு பேச நமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழ். செலவு ஐந்தாறு பேரின் விமான டிக்கெட், இரண்டு இரவு தங்குமிடம், சிறிய ஒலியமைப்பு. ஒலிப்பதிவு மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.